9 வெள்ளி 90 காசு டைமர்: தையல் மேசையில் நான்கு மாதங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பாத்திரமும் பிளாஸ்டிக் சாமானும் விற்கும் கடை ஒன்றில், 2025ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில், 9 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு கொடுத்து ஒரு சமையலறை டைமர் வாங்கினேன். அதற்குப் பேட்டரியும் இல்லை, எண் ஒளிரும் திரையும் இல்லை. கையால் திருகிவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் மெல்ல அவிழ்ந்து, குறித்த நிமிடம் முடிந்ததும் மணி அடிக்கும் பழைய வகை அது. முட்டை வேகவைப்பதற்காக நான் அதை வாங்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையலை நம்பிப் பிழைக்கும் எனக்கு, மூன்று மாதங்களாக ஊசியைத் தொடவே மனம் வராமல் போயிருந்தது. அந்த நிலையிலிருந்து மீள முயன்றபோது வாங்கிய பொருள்களில் மிக மலிவானது இதுதான். மேசையை விட்டு இன்னும் நகராமல் இருப்பதும் இது ஒன்றுதான்.

டைமரைப் பற்றிச் சொல்வதற்கு முன், என்ன குறைக்காக அதை வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது எனக்குப் பயன்பட்டது என்று நான் சொல்வதை உங்களால் எடைபோட முடியாது. 2024 அக்டோபர் 31 தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களில் ஏறத்தாழ தொண்ணூறு ரவிக்கைகள் தைத்தேன். கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தபோது முதல் நாள் இரவு பதினொன்றரை மணி. பண்டிகை முடிந்து ஒரு வாரம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று, பிறகு டிசம்பரும் போயிற்று. காலையில் இயந்திரத்தின் முன் உட்காருவேன், துணியை விரிப்பேன், சுண்ணக்கட்டியைக் கையில் எடுப்பேன், பிறகு துணியை மடித்துப் பையிலேயே வைத்துவிடுவேன். இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நாள்களில்தான் வீட்டுக் கூரையின் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்தேன், பித்தளை விளக்குகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன், பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துப் போத்தல்களில் அடைத்தேன். தையலைத் தவிர மற்ற எல்லா வேலையும் நடந்தது. "அக்கா, ரெடியா?" என்று கைப்பேசியில் கேட்டவர்களுக்கு "இன்னும் ரெண்டு நாள்" என்று பதில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பிப்ரவரியில் பள்ளி திறக்கவிருந்ததால், சீருடைக்கான வெள்ளைத் துணியும் நீலத் துணியும் பையும் கையுமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

என் நிலையைப் பார்த்த நாத்தனார் ஈப்போவில் ஒரு தங்கும் விடுதி மண்டபத்தில் நடந்த அரை நாள் தன்முனைப்புப் பயிலரங்குக்கு 150 வெள்ளி கட்டி என்னை அனுப்பி வைத்தார். மேடையில் பேசியவரைக் குறை சொல்வதற்கில்லை. நன்றாகவே பேசினார், நாங்களும் எழுந்து நின்று கைதட்டினோம், ஐந்தாண்டுக் கனவை வண்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். திரும்பி வந்த இரண்டு நாள் எனக்கு உண்மையாகவே உற்சாகம் இருந்தது, அந்த இரண்டு நாளில் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊக்கம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்ற கணக்கில் நான் உட்கார்ந்திருந்தேன்; ஊக்கம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டது.

அதன் பிறகு நான் செய்த உருப்படியான காரியம், பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனது. பதிவுக்கு ஒரு வெள்ளி. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள் அடங்கிய தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா என்பதே அதில் முதல் கேள்வி. மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிய உலகின் பல நாடுகளில் பயன்படும் கேள்வித்தாள் அது என்று பிறகுதான் அறிந்தேன். என் மதிப்பெண்ணைப் பார்த்த மருத்துவர், மருந்து தரவேண்டிய அளவுக்கு இல்லை, ஆனால் ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்து பார்க்க வேண்டும் என்றார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. என்னைப் போன்ற பெண்களுக்கு அது 12க்குக் கீழே போனாலே இரத்தச் சோகை என்பார்கள். நாற்பத்தாறு வயதில் மாதவிடாய் தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்ததை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, இரத்த அளவு சில வாரங்களில் ஏறிவிட்டாலும் உடலின் இருப்பு நிரம்பும்வரை மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றும், மாத்திரை போடும் வேளையில் தேநீர் கூடாது, தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது என்றும் சொன்னார். தே தாரிக் எனும் பால் தேநீர் இல்லாத காலை நேரம்தான் இந்தக் கதை முழுவதிலும் நான் பட்ட பெரிய துன்பம் என்று சொன்னால் என்னை அறிந்தவர்கள் நம்புவார்கள்.

ஆகவே, கீழே நான் சொல்லும் நன்மைகளில் ஒரு பங்கு மாத்திரைக்குச் சேர வேண்டியது. எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னால் இயலாது. ஆனால் மாத்திரை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், உடம்பில் தெம்பு ஏறுவதற்கு முன்பே, டைமர் என்னை மேசையில் உட்கார வைத்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி பொருளுக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் வட்ட வடிவம். வெள்ளைப் பிளாஸ்டிக் உடல். விளிம்பைச் சுற்றி ஐந்து ஐந்து நிமிடமாக 55 வரை எண்கள். பின்புறத்தில் வட்டமான காந்தம். பெட்டியில் நிறுவனத்தின் பெயர் எதுவும் அச்சிடப்படவில்லை. எத்தனை நிமிடம் வேண்டுமானாலும், முதலில் கடைசி எண்வரை முழுமையாகத் திருகிவிட்டு, பிறகு வேண்டிய எண்ணுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும் என்று பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் நேரடியாகப் பத்து நிமிடத்துக்குத் திருகினால், சுருள்வில் போதிய அளவு முறுக்கேறாமல், எண் சுழியத்துக்கு வந்த பிறகும் மணி அடிக்காமல் நின்றுவிடுகிறது. முதல் இரண்டு நாள் நான் இதைப் பழுதென்று எண்ணிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சமையலறை டைமரை வைத்து வேலை செய்யும் முறை எனக்குத் தோன்றியதல்ல. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துப் படிக்கத் தொடங்கியதில் பிறந்தது அது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர். முறைக்கும் அதுவே பெயராயிற்று. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு என்பது அதன் விதி. தையலுக்கு இந்த இருபத்தைந்து நிமிடக் கணக்கு பொருந்தவில்லை என்பது என் அனுபவம். உள்துணி வைத்த ரவிக்கையை வெட்டத் தொடங்கினால் அளவு எடுத்து, கோடு போட்டு, இரண்டு துணியையும் வெட்டி முடிக்க நாற்பது நிமிடம் வேண்டும். நடுவில் எழுந்தால் கைக்குழி வளைவு ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் போய்விடும். கொக்கி வைப்பதும் கைத்தையலில் ஓரம் மடிப்பதும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கண்ணுக்கு ஆகாது. எனவே வெட்டுவதற்கு 40, இயந்திரத் தையலுக்கு 25, கைவேலைக்கு 15 என்று நானே வகுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் அத்தனையும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டே முறை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், அதுவும் கொக்கி வைக்கும் வேலை மட்டும். ரவிக்கையை முடிக்க வேண்டும் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. டைமரைத் திருக வேண்டும் என்று மட்டுமே சொல்லிக்கொண்டேன். இதில்தான் இந்தப் பொருளின் முழுச் சூட்சுமமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு ரவிக்கை தைப்பதற்கு மனம் வேண்டும், ஆனால் ஒரு பிளாஸ்டிக் வட்டைத் திருகுவதற்கு மனம் தேவையில்லை, இரண்டு விரல் போதும். திருகிய பிறகு அது டிக் டிக்கென்று ஓடத் தொடங்கிவிடுவதால், கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கூச்சமாக இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் கை பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடும். மணி அடிக்கும்போது வேலை பாதியில் நின்றால், நூலை அறுக்காமல், ஊசியைத் துணியில் குத்தியபடியே விட்டுவிட்டு எழுவேன். அடுத்த முறை உட்காரும்போது எங்கே தொடங்குவது என்ற யோசனை மிச்சம். முடித்துவிட்டு எழுந்த நாள்களைவிடப் பாதியில் விட்டு எழுந்த நாள்களில்தான் மறுசுற்றுக்கு விரைவாகத் திரும்பி வந்திருக்கிறேன்.

என்னோடு இருக்கும் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. எல்பில் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். 1948 ஜூன் 16 அன்று தோட்ட நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டதால் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்ட தோட்டம் அது. அம்மாவுக்கோ அது பெரட்டு மணியின் தோட்டம்; வேலைக்கு முன் ஆள்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். டைமர் முதல் முறை அடித்தபோது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்குடி இந்தப் பெரட்டு?"

"எனக்குத்தாம்மா."

"தண்டலும் நீயே, ஆளும் நீயேவா? நல்லா வெளங்கும்!"

தண்டல் என்றால் தோட்டத்தில் ஆள்களை மேற்பார்க்கும் கங்காணி. சிரிப்புக்காகச் சொன்னாலும், இந்த டைமரின் பலவீனத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. விடியற்காலையில் பால்மரத்தின் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து, பால் ஒழுகுவதும் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு மணியடித்து ஆள்களைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அம்மாவுக்கு வேலைக்குப் போக மனம் இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ள அவருக்கு இடம் இருந்ததில்லை. என் டைமருக்குப் பின்னால் கூலியும் இல்லை, ஆள் கணக்கு எழுதும் தோட்ட எழுத்தரான கிராணியின் பேரேடும் இல்லை. அடித்தாலும் நான் எழாமல் இருக்கலாம், திருகாமலே படுத்தும் கிடக்கலாம். அப்படிப் படுத்துக் கிடந்த நாள்களும் உண்டு. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வந்தேன். முதல் இருபத்தெட்டு நாளில் பத்தொன்பது நாள்தான் டைமரைத் தொட்டிருக்கிறேன்.

விட்டுப்போன அந்த ஒன்பது நாளுக்காக முன்பென்றால் நொந்துபோய் அதைத் தூக்கி அலமாரியில் போட்டிருப்பேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்திருந்தது அப்போது கைகொடுத்தது. புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாவதற்கு அவர்களிடையே ஆன காலம் நடுமதிப்பாக 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இருபத்தொரு நாளில் வாழ்க்கை மாறிவிடும் என்று அந்த ஈப்போ மண்டபத்தில் சொன்னதைவிட இது எனக்கு ஆறுதலாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை, யோசிக்காமலே கை டைமருக்குப் போகத் தொடங்கியது ஏப்ரல் நடுவில்தான்.

அம்மா சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். அளவுக்கு மீறி வெட்டப்படும் பால்மரம் சில வேளை பால் தருவதையே நிறுத்திவிடும். வெளியே பார்த்தால் இலையும் தழையும் குறைவில்லாமல் இருக்கும். கோடு போட்டால் மட்டும் பட்டை காய்ந்து கிடக்கும். அப்படிப்பட்ட மரத்துக்கு அடையாளம் போட்டு, வெட்டாமல் விட்டுவிடுவார்களாம். சில தேறும், சில தேறாது. நல்ல மரத்தையே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவது வழக்கம். ஆறு வாரத்தில் தொண்ணூறு ரவிக்கை என்ற கணக்கை இதைக் கேட்ட பிறகு நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். உட்கார முடியாமல் தவிப்பதற்குத் தொடங்கத் தெரியாதது ஒரு காரணம். காய்ந்துபோனது வேறு காரணம். டைமர் முதலாவதற்கு மட்டுமே உதவும். இரண்டாவதற்கு அதைப் பயன்படுத்துவது, காய்ந்த மரத்தில் இன்னும் ஆழமாக உளியை இறக்குவது போல. மார்ச் மாதத்தில் ஒரு வாரம் எனக்கே அது நேர்ந்தது: ஐந்து சுற்று ஓடியது என்ற தெம்பில் எட்டுச் சுற்றுக்குப் போனேன், மறுவாரம் நான்கு நாள் மேசைப் பக்கமே வரவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஐந்து சுற்றுக்கு மேல் திருகுவதில்லை. அடுத்த தீபாவளிக்கு ஐம்பது ரவிக்கைக்கு மேல் எடுப்பதில்லை என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். இரண்டு வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கைப்பேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 25 நிமிடத்துக்கு வைத்தால் சில வேளை 24க்கே அடிக்கிறது, சில வேளை 26ஐத் தாண்டுகிறது. தையலுக்கு இது பொருட்டில்லை, கேக் சுடுபவர்கள் வாங்க வேண்டாம். மணி நான்கைந்து நொடிதான் ஒலிக்கிறது; ஓவர்லாக் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலோ தகரக் கூரையில் மாலை மழை கொட்டினாலோ அது காதில் விழுவதில்லை. டிக் டிக் ஒலி சிலருக்கு எரிச்சலூட்டும். பக்கத்து அறையில் படிக்கும் என் மகன் இரண்டாம் நாளே கதவைச் சாத்திக்கொண்டான். விரல் படும் இடத்தில் எண்களின் மை தேய்ந்து, 15ம் 20ம் இப்போது அரைகுறையாகத்தான் தெரிகின்றன. மார்ச்சில் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓரம் விரிசல் விட்டது; பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், ஓட்டத்துக்குக் கேடில்லை. நன்மை ஒன்று எதிர்பாராமல் அமைந்தது: பின்புறக் காந்தத்தை இயந்திரத்தின் இரும்புத் தண்டில் ஒட்டி வைத்தால் சுற்றிலும் சிதறிய குண்டூசிகளை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்கிறது.

கைப்பேசியிலேயே டைமர் இருக்கும்போது காசு கொடுத்து இதை வாங்குவானேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது. கைப்பேசியில் நிமிடத்தைக் குறிக்கக் கையில் எடுத்தால், வாட்ஸ்அப்பில் மூன்று செய்தி காத்திருக்கும், அதில் ஒன்று "அக்கா, ரெடியா?" என்றிருக்கும், அதற்குப் பொய்ப் பதில் எழுதி, மனம் குன்றி, அப்படியே காணொளிகளுக்குள் இறங்கி அரை மணி நேரம் போயிருக்கும். டைமர் ஓடும் நேரத்தில் கைப்பேசியை அம்மாவின் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் எண் டைமர் ஒன்று 18 வெள்ளிக்கு அதே கடையில் இருக்கிறது. நேரம் துல்லியம், ஒலியும் உரக்கக் கேட்கிறது. ஆனால் பொத்தானைப் பலமுறை அழுத்தி நிமிடத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது, திருகும்போது விரலில் உணரும் அந்த இறுக்கமும் இல்லை. காது மந்தமானவர்களுக்கு அதுவே மேல்.

யார் இதை வாங்கலாம்? செய்யத் தெரிந்த வேலை, நேரம் இருக்கும் வேலை, ஆனாலும் தொடங்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும் வேலை ஒன்று உங்களிடம் இருந்தால் வாங்கிப் பார்க்கலாம். பணம் போனாலும் பத்து வெள்ளிக்குள்தான். வேலையில் மட்டுமல்லாமல், பிடித்த சாப்பாடு, பேச்சு, கோவில், பிள்ளைகள் என்று எதிலும் நாட்டம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால், அல்லது தூக்கமே கெட்டுப்போயிருந்தால், பாத்திரக் கடைக்கு முன் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல நெருக்கடி உதவி எண் 15555.

தைப்பூசத்துக்கு ஒப்புக்கொண்ட மஞ்சள் ரவிக்கைகள் ஏழில் ஐந்தை பிப்ரவரி 11க்குள் கொடுத்துவிட்டேன், இரண்டைத் துணியாகவே திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்டேன். பள்ளிச் சீருடைகள் ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. தீபாவளியிலிருந்து தேங்கிக் கிடந்த பைகளில் இப்போது மிச்சம் இரண்டு.

சென்ற வாரம் நாத்தனாருக்காக இன்னொரு டைமர் வாங்கப் போனேன். விலை 10 வெள்ளி 90 காசு ஆகியிருக்கிறது, சிவப்பு நிறம்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து திருகிப் பார்த்தால், முழுதாகத் திருகியும் மணி அடிக்கவில்லை. மறுநாள் கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் ரசீதைக் கேட்டார்கள். வாங்குகிறவர்கள் கடையிலேயே கடைசி எண்வரை திருகி, ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே நின்று மணியைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.